ஒரே அறையில் மூன்று நிலைக் குழந்தைகள்: புதிதாகப் பணியில் சேரும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு

நான் வேலையில் சேர்ந்தது ஓர் ஈராசிரியர் பள்ளியில். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறை, 27 பிள்ளைகள், எல்லாம் என் பொறுப்பு. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமியின் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். கரும்பலகையில் நான் எழுதுவதை ஒரு புள்ளி விடாமல் நோட்டில் இறக்கிவிடுவாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதம் அவள் நோட்டில் 'மிக நன்று' என்று போட்டுக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவளைத் தனியாக அழைத்து, அவள் எழுதிய வரியையே படிக்கச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. அவள் எழுத்துகளைப் படமாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள்.

அந்த மூன்று மாதத்தை அவளுக்கு என்னால் திருப்பித் தர முடியாது. உங்கள் வகுப்பில் அப்படி நடக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். தமிழகத்தில் 2022 முதல் நடைமுறையில் உள்ள எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளின் கற்றலை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலை பிரித்துப் பயிற்சி நூலும் ஆசிரியர் கையேடும் தருகிறது. அவை நல்ல கருவிகள். ஆனால் எந்தக் குழந்தை எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைக் கையேடு சொல்லாது; அதை நீங்கள்தான் அருகில் உட்கார்ந்து கேட்டு அறிய வேண்டும்.

1. முதல் இரண்டு வாரம்: ஒவ்வொரு குழந்தையோடும் தனியாக 6 நிமிடம்

27 பேருக்கு 6 நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஒரு நாளைக்கு 4 பேர் என்று வைத்துக்கொண்டால் ஏழு பள்ளி நாள்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்குக் களிமண், படம் வரைதல், பழைய கதைப் புத்தகங்கள் கொடுங்கள். வராந்தாவில் ஒரு பாய் போதும். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் குழந்தை என்று உட்கார்ந்தால் அது தேர்வாகிவிடும், பக்கத்தில் உட்காருங்கள்.

கையில் நான்கு அட்டைகள் வேண்டும். முதல் அட்டையில் பத்து எழுத்துகள், அகர வரிசையில் இல்லாமல் கலைத்து. இரண்டாவதில் படம், மரம், கல், பழம் போலப் புள்ளி தவிர வேறு குறி ஏறாத சொற்கள். மூன்றாவதில் காகம், மீன், கொடி, பூனை, தேங்காய். நான்காவதில் நான்கே வரியில் ஒரு சிறு கதை. அந்தக் கதை பாடநூலில் இல்லாததாக இருக்க வேண்டும். பாடநூல் கதைகளை அண்ணன், அக்காமார் வாய்விட்டுப் படித்துக் கேட்டே பல குழந்தைகள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நீங்கள் பக்கத்தைத் திருப்பினால் போதும், படத்தைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள்.

கணக்குக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. பதினைந்தை எண்ணித் தரச் சொல்லுங்கள். 'ஏழோடு ஐந்து சேர்த்தால்?' என்று கேட்டுவிட்டு, விரலை மடக்குகிறதா, கொட்டையை முதலிலிருந்து எண்ணுகிறதா, மனத்தில் போடுகிறதா என்று கவனியுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 'நூற்று ஐந்து' என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

சரியா தவறா என்று மட்டும் குறித்துக்கொண்டால் அந்த 6 நிமிடம் வீண். தவறு எப்படிப்பட்டது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. 'கொடி'யைக் 'கெடி' என்று படிக்கும் குழந்தைக்கு எழுத்து தெரியும். எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி வருவதுதான் பிடிபடவில்லை. 'மீன்' என்பதை 'மின்' என்று படிப்பவனுக்குக் குறில் நெடில் வேறுபாடு காதில் பதியவில்லை; அவனுக்குக் கூடுதலாக எழுத வைப்பதால் பயனில்லை, கைதட்டி நீட்டிச் சொல்ல வைக்க வேண்டும். 'பழம்' என்பதைப் 'பலம்' என்று சொல்லும் குழந்தையைப் படிக்கத் தெரியாதவர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். பல ஊர்களில் பேச்சே அப்படித்தான். எழுத்துக்கூட்டி மெதுவாக, ஆனால் சரியாகப் படிப்பவளுக்கு வேண்டியது பழக்கம். வேகமாகப் படித்துவிட்டு 'கதையில் யார் வந்தார்கள்?' என்ற கேள்விக்கு விழிப்பவனுக்கு வேண்டியது பேச்சு. நூற்று ஐந்தை 1005 என்று எழுதுபவர் நூறையும் ஐந்தையும் காதில் விழுந்தபடியே அடுத்தடுத்து எழுதுகிறார். இடமதிப்பு இன்னும் வரவில்லை.

இங்கே ஆசிரியர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, நான் விழுந்த பள்ளம்: பார்த்து எழுதுவதைப் படிப்பாக எடுத்துக்கொள்வது. மற்றொன்று, சேர்ந்து சொல்லுதல். முப்பது குரல் ஒன்றாக எழும்போது பத்துக் குரல் அரை நொடி பிந்தி வருவது காதில் விழாது.

2. கண்ணும் காதும்

ஒரு குழந்தைக்குப் படிப்புச் சிக்கல் என்று முடிவுகட்டும் முன் இதைச் செய்யுங்கள். குழந்தையின் பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். கரும்பலகையில் எழுதியதைக் கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாதவருக்கு வட்டம், சதுரம், முக்கோணம் வரையுங்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும். அன்றைக்கு 'எல்லோரும் நலம்' என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாதீர்கள். சந்தேகமுள்ள பெயர்களைத் துண்டுச் சீட்டில் முன்பே எழுதி வைத்திருந்து மருத்துவர் கையில் கொடுங்கள். என் வகுப்பில் 'கவனமே இல்லாதவன்' என்று நான் நினைத்திருந்த பையனுக்கு ஒரு காதில் சீழ் இருந்தது. அரசு மருத்துவமனையில் காசில்லாமல் சரியானது. பஸ் செலவு மட்டும் அவன் அம்மாவுக்கு ஒரு தடவைக்கு 40 ரூபாய். அவர் கூலி இழந்த இரண்டு நாள் அதைவிடப் பெரிய செலவு. ஆகவே, எந்தக் கிழமை எந்த மருத்துவர் இருப்பார் என்று நீங்களே விசாரித்துச் சொல்லி அனுப்புங்கள்.

3. ஒரு 200 பக்க நோட்டு

பாடக்குறிப்பும் நடத்திய பாடங்களின் பதிவேடும் அலுவலர் பார்வைக்கு. இந்த நோட்டு உங்களுக்கு. குழந்தைக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். தேதி போட்டு ஒரே வரி எழுதினால் போதும்: 'ஜூலை 14: துணைக்கால் வரும் சொற்களைத் தடையில்லாமல் படித்தாள். ஒற்றைக்கொம்பில் நிற்கிறாள்.' 'சுமார்', 'மந்தம்', 'முன்னேற்றம் தேவை' போன்ற சொற்களை எழுதவே எழுதாதீர்கள். நாளைக் காலை என்ன கற்பிப்பது என்பதை அவை சொல்லாது. நாளுக்கு 5 பேர் வீதம் எழுதினால் பத்து நிமிடம் ஆகும்.

பின்னால் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கப் போகும் குழந்தைக்கும் இந்த நோட்டுதான் முதல் ஆவணம். அதை 7ஆம் படியில் சொல்கிறேன்.

4. குழு பிரித்தல்

தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு. படிக்கத் தடுமாறும் பையன் சந்தையில் அப்பாவோடு காய் விற்பவனாக இருப்பான். கணக்கில் அவன் எல்லோருக்கும் முன்னால் நிற்பான். இரண்டு பாடத்துக்கும் ஒரே குழு வைத்தால் அவனை நீங்களே பின்னுக்குத் தள்ளுகிறீர்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நோட்டைப் பார்த்துக் குழுவை மாற்றுங்கள். எவருமே இடம் மாறவில்லை என்றால் உங்கள் கற்பித்தலில் ஏதோ நின்றுவிட்டது என்று பொருள். அரும்புக் குழுவைச் சன்னல் பக்கமோ கடைசியிலோ உட்கார வைக்காதீர்கள். கரும்பலகைக்கும் உங்களுக்கும் மிக அருகில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். பெற்றோர் முன்னிலையில் 'இவன் இன்னும் அரும்புதான்' என்று சொல்லாதீர்கள். வீட்டில் அது வசவுச் சொல்லாகிவிடும். எங்கள் ஊரில் ஆனது.

5. ஒரு பாடம், மூன்று வாசல்

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். மூன்று குழுவுக்கு மூன்று தனித்தனிப் பாடம் தயாரிக்கத் தொடங்கினால் பத்தே நாளில் களைத்துப்போவீர்கள், நான் களைத்தேன். பாடம் ஒன்றுதான். அதற்குள் நுழையும் வழிதான் குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது.

90 நிமிடத் தமிழ் வகுப்பை இப்படிப் பிரிக்கிறேன். முதல் 20 நிமிடம் எல்லோரும் ஒன்றாக. சந்தைக்குப் போன பாட்டியின் கதையைச் சொல்கிறேன். 'பாட்டி என்ன வாங்கினாள்?' என்பது ஒரு கேள்வி. 'பணம் குறைந்தபோது அவள் ஏன் வாழைப்பழத்தைத் திருப்பித் தரவில்லை?' என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வியை ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத குழந்தையிடமும் கேளுங்கள். படிக்கத் தெரியாது என்பதால் யோசிக்கத் தெரியாது என்று ஆகாது. அந்தச் சிறுமி, அச்சுக் கையெழுத்துக்காரி, 'பேத்திக்குப் பிடிக்கும் என்று' எனப் பதில் சொன்னாள். கதையில் நான் பேத்தியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

அடுத்த 50 நிமிடம் குழுக்களில். அரும்புக் குழுவோடு முதல் 25 நிமிடம் உட்காருகிறேன்: 'பழம்', 'பணம்', 'பாட்டி' என்ற மூன்றே சொற்கள், எழுத்து அட்டைகளைப் பிரித்துச் சேர்த்து. அந்நேரம் மொட்டுக் குழு இரண்டிரண்டு பேராகக் கதையின் ஆறு வரிகளை மாறிமாறிப் படித்துக்காட்டுகிறது. மலர்க் குழு பாட்டி வீட்டுக்குத் திரும்பியபின் என்ன நடந்தது என்று ஐந்து வரி எழுதுகிறது. பிறகு மொட்டுக் குழுவோடு 15 நிமிடம், மலரோடு 10 நிமிடம். கடைசி 20 நிமிடம் மறுபடி எல்லோரும் ஒன்றாக: அரும்பு சொல்லைப் படித்துக்காட்டும், மொட்டு கதையை வாசிக்கும், மலர் முடிவைச் சொல்லும். மூன்றும் ஒரே கதையின் துண்டுகள் என்பதால் எந்தக் குழுவும் வேடிக்கை பார்ப்பதில்லை.

கணக்கும் அப்படித்தான். 42இலிருந்து 17 போனால் எவ்வளவு? ஒரு குழு பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட குச்சிக் கட்டுகளைப் பிரித்துச் செய்கிறது. கட்டைப் பிரிக்கும்போதுதான் 'கடன் வாங்குதல்' என்றால் என்ன என்று கைக்குத் தெரிகிறது. ஒரு குழு அதையே கட்டும் குச்சியுமாகப் படம் போட்டுச் செய்கிறது. ஒரு குழு எண்ணாக எழுதிச் செய்துவிட்டு, அதே விடை வரும் ஒரு கடைக்கணக்கைத் தானே உருவாக்குகிறது.

கவனிக்க வேண்டியவை சில. தடுமாறும் குழுவுக்கு வண்ணம் தீட்டும் வேலையையே தினமும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் அமைதியாக இருப்பார்கள், ஆண்டும் போய்விடும். விரைவாக முடிக்கும் குழந்தைக்கு அதே போன்ற இன்னும் பத்துக் கணக்கு தருவது தண்டனை. கடினமான ஒன்றைத் தாருங்கள். அந்தக் குழந்தையை எப்போதும் 'குட்டி ஆசிரியராக' வைக்கவும் கூடாது, அவளும் கற்கத்தான் வந்திருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

எழுதுவதில் சிரமப்படும் குழந்தைக்குப் பத்து வரிக்குப் பதில் மூன்று வரி கொடுத்து, மீதியை வாயால் சொல்லவிடுங்கள். எழுத்துகள் நெருங்கித் தெரிந்து குழம்புபவருக்கு ஒரு அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டிக் கொடுங்கள். அதைப் பக்கத்தின்மேல் நகர்த்தி ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். வெட்ட இரண்டு நிமிடம் ஆகும். என் வகுப்பில் மூன்று பேர் அதை வைத்துத்தான் படிக்கத் தொடங்கினார்கள்.

6. செலவு

முதல் ஆண்டில் என் கையிலிருந்து போனது ஏறக்குறைய 1,400 ரூபாய். கெட்டி அட்டை, ஸ்கெட்ச் பேனா, ரப்பர் பேண்டு, குச்சிகள், லேமினேஷன். இதில் லேமினேஷன்தான் பாதி. எல்லா அட்டையையும் லேமினேட் செய்யத் தேவையில்லை. தினமும் கைமாறும் எழுத்து அட்டைகளை மட்டும் செய்தால் போதும். இதுதவிரக் கடையில் விற்ற பளபளப்பான சுவர்ப்படங்களுக்கு 600 ரூபாய் கொடுத்தேன். ஒரு குழந்தையும் அவற்றைத் தொடவில்லை. புளியங்கொட்டை, சோடா மூடி, பழைய திருமண அழைப்பிதழ் அட்டை ஆகியவற்றைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள்.

பள்ளி மானியத்தில் கற்றல் பொருள் வாங்க இடமுண்டு. ஆனால் வாங்கிவிட்டுப் பில்லை நீட்டினால் கிடைக்காது. முதலில் தலைமை ஆசிரியரிடம் பட்டியல், பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம், அதன் பின்னரே வாங்குதல், பில் பள்ளியின் பெயரில். இந்த வரிசை தெரியாததால்தான் 1,400 ரூபாயும் என் பணமாகவே போனது.

7. எல்லாம் செய்தும் நகராத குழந்தை: தாள்களும் காலமும்

நான்கைந்து மாதம் தனிக் கவனம் கொடுத்தும் ஒரு குழந்தை அதே இடத்தில் நின்றால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழையுங்கள். தலைமை ஆசிரியர் மூலம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது மறந்துபோகும். அவர் வரும்போது உங்கள் நோட்டின் நான்கு பக்கத்தையும் குழந்தையின் ஏட்டையும் காட்டுங்கள். தேதியோடு கூடிய அந்த ஒற்றை வரிகள் பேச்சைப் பாதியாகக் குறைக்கும். வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். முகாமைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான். ஆகவே தேதியை ஜூன் மாதமே கேட்டு வையுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. படிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று. இதைப் பல ஆசிரியர்களும் இன்னும் அறியவில்லை. அறிவுக்கூர்மை குறையாத குழந்தைக்கும் இது வரும். ஆனால் இதற்கான சான்றிதழ் 8 வயது நிறைந்த பிறகே கிடைக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைச் சான்றிதழுக்காக அலைக்கழிக்காதீர்கள். அதுவரையிலான ஆண்டுகள் உங்கள் கற்பித்தலுக்கு உரியவை.

சான்றிதழுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான். ஜூன் 2021 முதல் கையால் எழுதித் தரும் சான்றிதழ் இல்லை. கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் பதிவேற்றுவதற்கு மட்டும் சிறு தொகை ஆகலாம். '500 கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்' என்று வருபவரிடம் பெற்றோரைச் சிக்கவிடாதீர்கள். குழந்தையின் ஆதார், அண்மையில் எடுத்த புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். கூடவே பிறப்புச் சான்றிதழ் நகல், எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் குழந்தைக்குள்ள எண், உங்கள் கடிதம், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். பெயரின் எழுத்துகளை முதலில் சரிபாருங்கள். ஆதாரில் ஒரு முதலெழுத்து, பள்ளிப் பதிவில் இரண்டு முதலெழுத்து என்று இருந்ததால் எங்கள் பள்ளிக் குழந்தை ஒருத்தியின் வேலை நான்கு மாதம் தள்ளிப்போனது.

மதிப்பீடு ஒரே நாளில் முடியாது. குழந்தை மருத்துவர் கண்ணையும் காதையும் பார்ப்பார், உளவியலாளர் தனி அமர்வுகளில் சோதிப்பார். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரிடம் 'மூன்று தடவையாவது போக வேண்டியிருக்கும்' என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதல் தடவையோடு நின்றுவிடுபவர்கள் பலர், அதை யாரும் சொல்லாததால்தான்.

இந்தச் சான்றிதழை 14 வயதில் புதுப்பிக்க வேண்டும். பிறகு 18 வயதில் தருவதே வாழ்நாள் முழுவதும் செல்லும். 14 என்பது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைத் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் கேட்க வேண்டும். அதற்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் படித்துப்போன ஒரு பையனின் அம்மா, அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது டிசம்பர் மாதம் என்னிடம் ஓடிவந்தார். சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, அந்த ஆண்டு விண்ணப்பம் முடிந்துவிட்டது. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர்தான். ஆனாலும் ஐந்தாம் வகுப்பை விட்டுப் போகும்போதே 'ஒன்பதாம் வகுப்பில் மறுபடி போக வேண்டும்' என்று அவரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

சான்றிதழ் வந்ததும் எமிஸில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகச் சொல்லுங்கள். சான்றிதழ் வந்துவிட்டது என்பதற்காகக் குழந்தையைச் சிறப்புப் பயிற்றுநரின் பொறுப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் எப்போதாவது வருவார். மற்ற நாள்களெல்லாம் அந்தக் குழந்தை உங்கள் அறையில்தான் இருக்கும்.

8. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை

செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வருவார்கள், வெயில் காலத்தில் போய்விடுவார்கள். பிறப்புச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்று கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். முதல் மாதம் அவர்களிடம் எழுத்தைத் திணிக்காதீர்கள். தண்ணீர், பசி, வயிற்றுவலி, வீடு, போதும், புரியவில்லை என்ற சொற்களை அவர்கள் மொழியில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். கணக்கில் அவர்களை முதல் நாளே குழுவில் சேருங்கள். குச்சிக்கட்டுக்கு மொழி வேண்டாம். பேசாத குழந்தையை ஊமை என்றோ மந்தம் என்றோ பதிவு செய்துவிடாதீர்கள், இரண்டு மொழிக்கு நடுவில் அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

9. ஏப்ரல் மாதம்

நோட்டை உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். நான்காம் வகுப்புக்குப் போகிறவர்களின் பக்கங்களை அடுத்த ஆசிரியருடன் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். குழந்தைக்கு இரண்டு நிமிடம் போதும். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்களின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளில் பெற்றோரிடமே கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் உள்ள குழந்தையாக இருந்தால் அதன் நகலையும் இணைத்து, மேலே சிவப்பு மையில் புதுப்பிக்க வேண்டிய ஆண்டை எழுதுங்கள். ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.